மூன்றரைக் கட்டை ஏன் இல்லை? கீ, மேஜர் ஸ்கேல் குறித்து ஒரு விளக்கம்

வியாசர்பாடியில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயருக்கும், மற்ற நாள்களில் கானாக் கச்சேரிகளுக்கும் வாசிக்கிறேன். எல்லாப் பாட்டையும் சி மேஜரில்தான் பழகினேன். பாடுகிறவர் வேறு சுருதி கேட்டால் எல்லாக் கட்டைகளின் ஒலியையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திச் சமாளிக்கிறேன். கீ என்பதும் மேஜர் ஸ்கேல் என்பதும் ஒன்றா? ஜி மேஜரில் எஃப் மட்டும் ஏன் ஷார்ப் ஆகிறது? எஃப் மேஜரில் வரும் கறுப்புக் கட்டையை ஏ ஷார்ப் என்று சொல்லாமல் பி பிளாட் என்று ஏன் சொல்கிறார்கள்? பன்னிரண்டு ஸ்கேலையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மனத்தில் பதிய வேண்டியது ஒரே ஓர் இடைவெளி வரிசைதான். அது பிடிபட்டவருக்கு எந்தக் கட்டையில் தொடங்கினாலும் மற்ற ஆறு சுரங்களும் வரிசையாக வந்து நிற்கும். பிடிபடாதவருக்குப் பன்னிரண்டு ஸ்கேல்களும் பன்னிரண்டு தொலைபேசி எண்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டாமலேயே இருக்கும். பெரம்பூரில் பல ஆண்டுகளாகக் கீபோர்டும் வயலினும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கிரேடு தேர்வுக்காக ஸ்கேல்களை உருப்போட்டு நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள், தேர்வு முடிந்த இரண்டே மாதங்களில் ஈ மேஜர் என்றதும் விழிப்பதைப் பார்த்த பிறகுதான் பாடம் சொல்லும் முறையை மாற்றிக்கொண்டேன்.

நீங்கள் அன்றாடம் புழங்கும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். பாடுகிறவர் "எனக்கு ஒன்றரைக் கட்டை வையுங்கள்" என்கிறார். இன்னோர் அம்மா ஐந்தரை என்கிறார். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளைச் சி-யிலிருந்து எண்ணிக்கொண்டு போவதே இந்தக் கணக்கு. சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு (ஷார்ப் என்றால் அந்த எழுத்துக்கு அடுத்த மேல் கட்டை, பிளாட் என்றால் அடுத்த கீழ்க் கட்டை): சி ஷார்ப் ஒன்றரை, டி ஷார்ப் இரண்டரை, எஃப் ஷார்ப் நாலரை, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ ஷார்ப் ஆறரை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றரைக் கட்டை வேண்டும் என்றோ ஏழரைக் கட்டை வேண்டும் என்றோ யாரும் உங்களிடம் கேட்பதில்லை. ஈ-க்கும் எஃப்-க்கும் இடையிலும், பி-க்கும் மேல் சி-க்கும் இடையிலும் கறுப்புக் கட்டை கிடையாது. அவை ஏற்கெனவே அரைச்சுரத் தூரத்தில்தான் நெருங்கி நிற்கின்றன. நம் ஊர்ப் பேச்சில் இல்லாமல் போன இந்த இரண்டு அரைக் கட்டைகளுக்குள்ளேதான் மேஜர் ஸ்கேலின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை, பன்னிரண்டு படிகள். ஒரு படி ஏறினால் அரைச்சுரம், இரண்டு படி ஏறினால் முழுச்சுரம். சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்து மேல் சி வரை போனால், நீங்கள் ஏறும் படிகள் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. கூட்டினால் பன்னிரண்டு. மூன்றாம் சுரத்துக்கும் நான்காம் சுரத்துக்கும் இடையில் ஓர் அரை, ஏழாம் சுரத்துக்கும் எட்டாவதாக வரும் மேல் ஷட்ஜத்துக்கும் (தொடங்கிய ச-வே மேலே திரும்ப வருவது) இடையில் ஓர் அரை, மற்ற ஐந்து இடங்களிலும் முழு. இந்த இடைவெளி வரிசைக்குப் பெயர்தான் மேஜர் ஸ்கேல். சி, டி, ஈ என்ற எழுத்துகளை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இதே இடைவெளிகளை நம் சங்கீதத்தில் சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம் என்று சொல்கிறோம். தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் 29-ஆவதான தீரசங்கராபரணத்தின் சுரங்கள் இவையே.

இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்டவர்களைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வியாசர்பாடிக்கு வடக்கே, நம் மணலிக்குப் போனால் போதும். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் திருவாரூரிலிருந்து வந்து, மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் அங்கே வாழ்ந்தது. அங்கிருந்த காலத்தில்தான் கோட்டையில் ஆங்கிலேயரின் இசைக்குழு வாசித்த மெட்டுகள் அவர்கள் காதில் விழுந்தன. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நாம் சொல்லும் அந்த உருப்படிகள் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. அவை சங்கராபரணத்தில் அமைந்தவை. மேஜர் ஸ்கேலும் சங்கராபரணமும் ஒரே படிக்கட்டு என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, காதால் கேட்டே அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

அந்த மெட்டுகளில் ஒன்று பிரிட்டனின் தேசிய கீதத்தின் மெட்டு. உங்கள் கேள்விகளில் இரண்டுக்கு அது நேராகப் பதில் சொல்லும் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பன்னிரண்டு சுரங்கள்: ச ச ரி நி ச ரி, க க ம க ரி ச. நான்காவதாக வரும் நி மட்டும் கீழ் ஸ்தாயியில் இருப்பது. சி-யில் வாசித்தால் சி சி டி பி சி டி, ஈ ஈ எஃப் ஈ டி சி. எல்லாமே வெள்ளைக் கட்டைகள். ஒரு சிக்கலும் இல்லை.

இப்போது டிரான்ஸ்போஸைத் தொடாமல், ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துப் பாருங்கள். ஜி ஜி ஏ என்று சரியாகப் போய், நான்காவது சுரத்தில் எஃப்-ஐத் தொட்டதும் காது உடனே மறுக்கும். அந்த நிஷாதம் ஷட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே, அதை ஒட்டி நிற்க வேண்டியது. எஃப்-ஓ ஜி-க்கு முழுச்சுரம் கீழே தள்ளி நிற்கிறது. விரலை ஒரு படி மேலே, எஃப் ஷார்ப்புக்கு நகர்த்தினால் மெட்டு பழையபடி உயிர்பெறும்: ஜி ஜி ஏ எஃப் ஷார்ப் ஜி ஏ, பி பி சி பி ஏ ஜி. ஜி மேஜரில் எஃப் ஷார்ப் ஆவதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. இடைவெளி வரிசை மாறாமல் இருக்க வேண்டும். அதற்காகக் கட்டை மாறுகிறது.

அடுத்து எஃப்-ல் தொடங்குங்கள். எஃப் எஃப் ஜி ஈ எஃப் ஜி என்று முதல் ஆறு சுரங்களும் வெள்ளையிலேயே இடறாமல் போகும், ஏனென்றால் ஈ-யும் எஃப்-உம் இயல்பாகவே அரைச்சுரத் தூரத்தில் இருக்கின்றன. இடறுவது ஒன்பதாவது சுரத்தில். ஏ ஏ என்று காந்தாரத்தை இரண்டு முறை தொட்டுவிட்டு மத்யமத்துக்குப் போகும்போது பி-யை அழுத்தினால், அது சுத்த மத்யமத்தைத் தாண்டிப் அரைச்சுரம் மேலே உள்ள பிரதி மத்யமத்தில் போய் விழும். சங்கராபரணம் சட்டென்று கல்யாணி ராகத்தின் பக்கம் சாய்ந்ததுபோல் கேட்கும். ஒரு படி கீழே இறங்கி அந்தக் கறுப்புக் கட்டையைத் தொட்டால் சரியாகிவிடும். இந்த இரண்டு சோதனைகளையும் இன்றே செய்து பாருங்கள். நான் இங்கே எவ்வளவு எழுதினாலும், அந்த நான்காவது சுரத்திலும் ஒன்பதாவது சுரத்திலும் உங்கள் காது சொல்லும் பாடத்துக்கு ஈடாகாது.

அந்தக் கறுப்புக் கட்டையை ஏ ஷார்ப் என்று அழைக்காததற்குக் காரணம் எழுத்து முறையில் இருக்கிறது. மேஜர் ஸ்கேலில் ஏழு சுரங்கள், ஆங்கில எழுத்துகளும் ஏழு. ஒவ்வோர் எழுத்தும் ஒருமுறை மட்டுமே வர வேண்டும், எதுவும் விடுபடவும் கூடாது. எஃப், ஜி, ஏ, ஏ ஷார்ப், சி என்று எழுதினால் ஏ இரண்டு முறை வந்து பி காணாமல் போகிறது. ஐந்து கோடுகளில் நோட்டேஷன் எழுதும்போது காந்தாரமும் மத்யமமும் ஒரே இடத்தில் உட்கார வேண்டியதாகி, ஒவ்வொரு முறையும் ஷார்ப் குறியும் அதை நீக்கும் குறியும் மாறி மாறி போட வேண்டிவரும். பி பிளாட் என்று எழுதிவிட்டால், தொடக்கத்திலேயே ஒரு பிளாட் குறியைப் போட்டுவிட்டுப் பாட்டு முழுவதையும் தெளிவாக எழுதலாம். நாமும் ஒரே கட்டையைச் சில ராகங்களில் சதுச்ருதி ரிஷபம் என்றும் வேறு சில ராகங்களில் சுத்த காந்தாரம் என்றும் அழைக்கிறோம் அல்லவா? அங்கே நாம் பார்ப்பதும் அந்தச் சுரம் வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான்.

மற்ற கீகளுக்குப் போகும் வழியையும் இதே நிஷாதமும் மத்யமமும்தான் காட்டுகின்றன. ஒரு கீயின் பஞ்சமத்தைப் புதிய ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால், பழைய மத்யமம் ஒரு படி ஏறிப் புதிய நிஷாதமாகிறது. மற்ற ஆறு சுரங்களும் அப்படியே இருக்கும். சி-யின் பஞ்சமம் ஜி, எனவே எஃப் ஏறியது. ஜி-யின் பஞ்சமம் டி, எனவே சி-யும் ஏறி, டி மேஜரில் இரண்டு ஷார்ப். அங்கிருந்து ஏ-யில் மூன்று, ஈ-யில் நான்கு, பி-யில் ஐந்து. ஷார்ப்புகள் சேரும் வரிசை எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. மாறாக, ஒரு கீயின் மத்யமத்தைப் புதிய ஷட்ஜமாக எடுத்தால், பழைய நிஷாதம் ஒரு படி இறங்கிப் புதிய மத்யமமாகிறது. அப்படிப் போனால் எஃப்-ல் ஒரு பிளாட், பி பிளாட்டில் இரண்டு, ஈ பிளாட்டில் மூன்று, ஏ பிளாட்டில் நான்கு, டி பிளாட்டில் ஐந்து. பிளாட்டுகள் சேரும் வரிசை ஷார்ப் வரிசையின் தலைகீழ். இரண்டு பாதைகளும் ஆறாவது அடியில் ஒரே கறுப்புக் கட்டையில் சந்திக்கின்றன; ஒரு பக்கத்திலிருந்து வந்தவர் அதை எஃப் ஷார்ப் என்பார், மறுபக்கத்திலிருந்து வந்தவர் ஜி பிளாட் என்பார். மேற்கத்திய ஆசிரியர்கள் வட்டமாக வரைந்து சுவரில் மாட்டும் படம் இதுதான்.

இனி, கீ வேறா ஸ்கேல் வேறா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நம் மேடைகளில் "என்ன ஸ்கேல்?" என்று கேட்பவர் பெரும்பாலும் கீயைத்தான் கேட்கிறார், பழகிய பேச்சில் அதனால் கெடுதி எதுவும் இல்லை, ஆனால் படிக்கும்போது பிரித்துக்கொள்வது நல்லது. ஸ்கேல் என்பது சுரங்களை ஏறுவரிசையில் அடுக்கிக் காட்டும் படிக்கட்டு. கீ என்பது அந்தச் சுரங்களுக்குள் பாட்டு எதை வீடாகக் கொண்டிருக்கிறது என்பது. பாட்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு, போய்ச் சேர்ந்தோம் என்ற நிறைவோடு எந்தச் சுரத்தில் ஓய்கிறதோ, அதுவே அதன் வீடு. சுரங்கள் ஒன்றாகவே இருந்தும் வீடு மாறலாம் என்பதை நம் கிரக பேதமே காட்டுகிறது: சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டால் கரகரப்பிரியா, காந்தாரத்தைக் கொண்டால் தோடி, மத்யமத்தைக் கொண்டால் கல்யாணி, பஞ்சமத்தைக் கொண்டால் அரிகாம்போதி, தைவதத்தைக் கொண்டால் நடபைரவி. நடபைரவியின் சுரங்களை மேற்கத்தியர் இயற்கை மைனர் என்பார்கள். ஆகவே நோட்டேஷனின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஷார்ப் இருப்பதைக் கண்டவுடன் ஜி மேஜர் என்று முடிவுகட்டிவிட முடியாது. அதே சுரங்களில் ஈ வீடாக இருந்தால் அது ஈ மைனர்; பாட்டு எங்கே முடிகிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கீபோர்டுகாரருக்கு இந்த அறிவு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்கும்போது உடனே கைகொடுக்கும். மேஜர் கீயில் ஷட்ஜம், மத்யமம், பஞ்சமம் ஆகியவற்றின் மேல் கட்டும் மூன்று கார்டுகளும் மேஜர். ரிஷபம், காந்தாரம், தைவதம் ஆகியவற்றின் மேல் கட்டுபவை மைனர். ஜி-யில் ஜி, சி, டி மேஜர்கள். ஏ, பி, ஈ மைனர்கள். பஞ்சமத்தின் கார்டுக்குள் நிஷாதம் இருக்கிறது, அது ஷட்ஜத்துக்கு அரைப்படி தூரத்தில் தவித்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் டி கார்டிலிருந்து ஜி-க்கு வரும்போது வீட்டு வாசலில் கால் வைத்த உணர்வு கிடைக்கிறது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். சங்கராபரணமும் மேஜர் ஸ்கேலும் ஒரே படிக்கட்டு என்றேன். ஒரே இசை என்று சொல்லவில்லை. சங்கராபரணத்தை ராகமாக ஆக்குவது அதன் சுரங்கள் அசையும் விதமும் அதற்கே உரிய சுரக்கோவைகளான பிடிகளும்தான். கட்டைகளை வரிசையாக அழுத்துவதால் மட்டும் அது வந்துவிடாது. சுரத்தானங்களிலும் நுட்பமான வேறுபாடு உண்டு. இன்றைய கீபோர்டில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்கு கூடுகிறது. 440 அதிர்வெண் கொண்ட ஏ-யை, அதாவது ஆறு கட்டையை, ஷட்ஜமாகக் கொண்டால், தம்புராவோடு இழைந்து நிற்கும் பஞ்சமம் 660, கீபோர்டின் பஞ்சமம் 659.26, இந்த வேறுபாட்டைக் காது பொருட்படுத்தாது. ஆனால் இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம் 550, கீபோர்டு தருவதோ 554.37. நல்ல தம்புராவை மீட்டிவிட்டுக் கீபோர்டின் காந்தாரத்தை நீட்டிப் பிடித்தால் அது சற்றுத் தூக்கலாகக் கேட்பதற்கு இதுவே காரணம். சமமாகப் பிரித்ததால் பெற்ற நன்மை, எந்தக் கட்டையில் தொடங்கினாலும் மேஜர் ஸ்கேல் ஒரே மாதிரி ஒலிப்பது. ஒரே பாட்டுக்குள் கீயை மாற்றிக்கொண்டே போகும் மேற்கத்திய இசைக்கு அது தேவை. கச்சேரி முழுவதும் ஒரே ஷட்ஜத்தைத் தம்புராவில் பிடித்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்தத் தேவை எழவில்லை.

டிரான்ஸ்போஸ் பட்டனைக் குற்றம் சொல்ல மாட்டேன். நெருக்கடியில் அது உதவும். ஆனால் ராயபுரம் பக்கம் ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். கீபோர்டு வாசித்த இளைஞர் பட்டனை ஐந்து படி ஏற்றி வைத்திருந்தார். கிட்டார்காரர் "என்ன கீ?" என்று கேட்டார், இவர் தம் விரல்களைப் பார்த்துச் "சி" என்றார். கீபோர்டிலிருந்து வந்ததோ எஃப். கிட்டாரில் சி கார்டு விழுந்ததும் கொயர் பிள்ளைகள் எந்த ஷட்ஜத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கிட்டாரின் தந்திகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதிலேயே அரை மணி நேரம் போனது. இருவரில் யாரும் தவறாக வாசிக்கவில்லை. விரல் இருக்கும் இடமும் ஒலி பிறக்கும் இடமும் வேறாகிவிட்டதை அவர்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பேண்டு வாத்தியக்காரர்களோடு வாசிக்கும்போது இது இன்னும் முக்கியம். பி பிளாட் டிரம்பெட்காரர் சி என்று சொல்வது கீபோர்டின் பி பிளாட். நீங்கள் எஃப்-ல் வாசித்தால் அவர் ஜி-யில் வாசிக்க வேண்டும். ஈ பிளாட் ஆல்ட்டோ சாக்சபோன்காரராக இருந்தால் டி-யில் வாசிக்க வேண்டும். மேடையில் கீயைச் சொல்லும்போது, கீபோர்டிலிருந்து உண்மையில் என்ன ஒலிக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

கானாவில் நிலைமை வேறு என்பதை அறிவேன். பாடுகிறவர் சுருதி கேட்காமலேயே எடுத்துவிடுவார், தாளம் சேர்ந்துகொள்ளும், நீங்கள்தான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அப்போது முதல் சுரத்தைத் தேடாதீர்கள், அது பஞ்சமமாகவோ காந்தாரமாகவோ இருக்கலாம். முதல் இரண்டு வரிகளைக் கைவைக்காமல் கேட்டு, வரி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடத்தில் குரல் எந்தச் சுரத்தில் இறங்கி நிற்கிறதோ அதை வாய்க்குள் முனகிக்கொண்டே, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கட்டையில் தேடுங்கள். அது கிடைத்தால் பெரும்பாலும் ஷட்ஜம் கிடைத்துவிட்டது. அதற்கு நான்கு படி மேலே இருக்கும் காந்தாரம் பாட்டோடு ஒத்துப்போனால் மேஜர் வழி, மூன்று படி மேலே இருப்பது ஒத்துப்போனால் மைனர் வழி.

பயிற்சிக்கு ஒரு வாரத்துக்குப் பட்டனைச் சுழியத்திலேயே வைத்துவிட்டு, மேலே சொன்ன பன்னிரண்டு சுரங்களை ஒவ்வொரு நாளும் ஒரு புதிய கட்டையிலிருந்து வாசியுங்கள். முழு ஸ்கேலையும் வலக்கையில் ஏறும்போது சி, ஜி, டி, ஏ, ஈ ஆகியவற்றில் (கட்டைவிரலை ஒன்று என்று எண்ணி) மூன்றாம் விரலுக்குப் பின் கட்டைவிரலை அடியில் நுழைக்க வேண்டும். எஃப்-ல் மட்டும் நான்காம் விரலால் பி பிளாட்டைத் தொட்ட பிறகு நுழையுங்கள், இல்லாவிட்டால் கட்டைவிரல் கறுப்புக் கட்டையில் போய் மாட்டிக்கொள்ளும். ஜி-யும் எஃப்-உம் பழகிய பின் டி-யில் தொடங்குங்கள்: டி டி ஈ என்று போய் நான்காவது சுரம் சி ஷார்ப்பில் விழும், ஏழாவதும் எட்டாவதும் எஃப் ஷார்ப்பில் விழும், ஒன்பதாவது ஜி. அந்த இரண்டு கறுப்புக் கட்டைகளும் ஏன் அங்கே வந்தன என்று விரல் நகரும்போதே சொல்ல முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாள் ஏ-க்குப் போங்கள்.